நாரியும் சுமையும்

மயிலிட்டி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட கரையிலமைந்த பழம்பெரும் மீன்பிடித்துறை. 1990 ஆம் ஆண்டிற் போரினால் ஊரை விட்டகன்ற மக்கள், 27 ஆண்டுகள் கழிந்து, 2017 ஆம் ஆண்டில் அத்துறை விடுவிக்கப்பட்ட பின்னரே மீண்டும் அங்கே கால்வைத்தனர். இழந்தவற்றுள் மீட்டற்கரியன பல. எஞ்சிய முதல் உடலுழைப்பே. அவ்வுழைப்பைத் தாங்கிநிற்பது முள்ளந்தண்டு.

கடற்றொழிலில் நாரிக்கு ஊறு விளைப்பனவற்றுள் ஒன்று படகின் வெளியிணைப்பு இயந்திரம். பதினைந்து குதிரைவலு இயந்திரம் ஏறக்குறைய 40 கிலோகிராம் நிறையுடையது. அதனைக் கழற்றித் தூக்குங்கால் நிகழ்வது யாது? முள்ளந்தண்டு ஒரு நெம்புகோல் போலத் தொழிற்படுகின்றது. சுமை முள்ளந்தண்டிற்கு 40 சதமமீற்றர் முன்னே இருப்பின், அதற்கு 5 சதமமீற்றர் பின்னே உள்ள தசைகள் அச்சுமையினும் எட்டு மடங்காக, 320 கிலோகிராம் நிறைக்கு ஒப்ப இழுத்தல் வேண்டும். சுமையை 25 சதமமீற்றருக்கு அணைத்துக்கொள்ளின் அது 200 ஆகக் குறையும். குனிந்த உடலின் நிறையும் இதனோடு சேரும்.

இவ்வமுக்கத்தை ஏற்பவை முள்ளெலும்புகளுக்கிடையேயுள்ள இடைத்தட்டுகள். குனிந்தவாறே உடலைத் திருப்பின் தட்டின் புறவளையம் கிழிதலும், உள்ளிருக்கும் மென்பொருள் பிதுங்கி நரம்பை அழுத்துதலுங் கூடும். காலில் இறங்கும் கடுநோவு இதனால் உண்டாதலை மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1934 இல் விளக்கினர். ஆதலின், எல்லா நாரிநோவும் வெறும் நாரிப்பிடிப்பு அன்று. ஆடும் படகும் புதையும் மணலும் ஈர வலையும் இவ்வாபத்தை மிகுவிக்கின்றன.

அதே 1934 இல் இலங்கையில் இயற்றப்பெற்ற தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழில்கொள்வோரின் கீழ் உழைப்போர்க்கே உரியது. தன் படகிலே தானே தொழில் செய்பவனுக்கு ஈடு செய்யும் முதலாளி எவருமிலர். அவன் நாரி முறியின் அடுப்பும் அணையும்.

எனவே தடுத்தலே தக்கது. சர்வதேச தொழிலாளர் தாபனம் 1967 இல் ஆடவர்க்கு விதந்துரைத்த உச்சச் சுமை 55 கிலோகிராம். நாள்தோறும் தூக்குவதற்கு ஏற்ற அளவு அதனினும் மிகக் குறைவு. இருவர் கூடித் தூக்குதல், சுமையை உடலோடணைத்தல், இடுப்பைத் திருக்காது காலடியை மாற்றித் திரும்புதல் என்பன பயன் தருவன. அவற்றினுஞ் சிறந்தது தூக்குதலையே தவிர்த்தல். இயந்திரத்துக்குச் சில்லுவண்டியும், படகிழுக்க உருளைக் கட்டைகளும் கப்பியும் அமையின் நாரி பிழைக்கும். தனியே தூக்குதலை ஆண்மையெனக் கொள்ளும் வழக்கம் ஒழிதல் வேண்டும். சில்லும் கப்பியும் கோழையின் துணையல்ல, குடும்பத்தின் காவல்.