எங்கள் பணம், எங்கள் கணக்கு

டெல்லிக்கு வந்து குடியேறிய நம்மவர்களில் பாதிப்பேருக்கு ஏதாவது ஓர் அரசாங்க ஆபீசோடு சம்பந்தம் இருந்திருக்கும். நானும் முப்பத்தைந்து வருஷம் மேஜைக்கு உள்பக்கம் உட்கார்ந்தவன்தான். அதனால் இந்தக் கட்டுரையில் குற்றம் சொல்கிற இடங்களில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று எடுத்துக்கொண்டே வாசகர்கள் படிக்கலாம்.

2009-இல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து என் அத்தை போன் செய்தாள். மாமா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமாகிப் பதினான்கு மாதம் ஆகியும் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. "ஏண்டா, டெல்லியில அத்தனை பெரிய ஆபீஸ்ல இருக்கியே, யாரையாவது பிடிச்சு ஒரு போன் பண்ணச் சொல்லக்கூடாதா?" என்றாள். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த மாதிரி மனுக்கள் எங்கள் செக்‌ஷனுக்கு வந்தால் எப்படிப் பரபரப்பாகும் என்பதை நேரில் பார்த்தவன் நான். அத்தைக்கு என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். பலர் இது பாராளுமன்றத்தில் யாரோ நல்லவர்கள் யோசித்துக் கொண்டுவந்தது என்று நினைக்கிறார்கள். இதன் பிறந்தகம் ராஜஸ்தானத்தின் வறண்ட பூமி.

இதில் நமக்கும் ஒரு சின்ன உறவு இருக்கிறது. அருணா ராய் சென்னையில் பிறந்தவர், டெல்லியில் வளர்ந்தவர், கொஞ்ச காலம் கலாக்ஷேத்ராவிலும் படித்தவர். 1968-இல் ஐ.ஏ.எஸ். ஆனார், ஏழு வருஷத்தில் அதை விட்டுவிட்டார். ராஜஸ்தானத்தில் திலோனியா கிராமத்தில் சில காலம் வேலை செய்தபின், 1987-இல் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரோடு தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார். 1990 மே முதல் தேதி அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு உருவானது. தமிழில் சொன்னால் உழைப்பாளர் விவசாயிகள் சக்திச் சங்கம்.

அவர்கள் சந்தித்த சிக்கல் மிகச் சாதாரணமானது. பஞ்சநிவாரண வேலைக்குப் போகிற கூலியாட்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், "நீ வேலை செய்த அளவு அவ்வளவுதான், ரிக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில். அந்த ரிக்கார்டைக் காட்டு என்றால், அது அரசாங்க ரகசியம். வெள்ளைக்காரன் 1923-இல் போட்டுவிட்டுப் போன அலுவல் ரகசியச் சட்டத்தின் நிழல், கிராமத்துக் குளம் வெட்டுகிற கூலிக் கணக்கு வரைக்கும் விழுந்திருந்தது. கூலிப் பிரச்சினை என்பது உண்மையில் காகிதப் பிரச்சினை என்பதை அங்கேதான் கண்டுபிடித்தார்கள். இந்த ஒரு கண்டுபிடிப்பை நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன். படித்தவர்கள் நமக்கே அது தோன்றவில்லையே!

1994 டிசம்பர் 2-ஆம் தேதி பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் "ஜன் சுன்வாய்", அதாவது மக்கள் முன் விசாரணை, நடந்தது. அப்போது சட்டம் ஒன்றும் கிடையாது. அதிகாரிகளில் மனமுள்ள சிலர் பார்க்க விட்டதால் மஸ்டர் ரோல், பில், வவுச்சர் இவற்றின் விவரங்கள் கைக்கு வந்திருந்தன. மஸ்டர் ரோல் என்பது யார் யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு கூலி வாங்கினார்கள் என்று பெயர்வாரியாக எழுதி, கைநாட்டு வாங்கிய பட்டியல். அதை மைக்கில் உரக்கப் படித்தார்கள், அவ்வளவுதான். இன்னார் இத்தனை நாள் வேலை செய்து இத்தனை ரூபாய் வாங்கினார் என்று படித்தால், அந்த ஆளே கூட்டத்திலிருந்து எழுந்து, நான் அந்த வேலைக்கே போகவில்லையே என்கிறார். பிழைப்புக்காக வேறு ஊர் போனவர்கள் பெயரும், செத்துப்போனவர்கள் பெயரும் இப்படிக் கூட்டங்களில் வெளிவந்தன. கட்டி முடித்ததாகக் கணக்கில் இருந்த கட்டடத்துக்குக் கூரை இல்லை என்பதைச் சொல்ல எஞ்சினியர் வேண்டியதில்லை. ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அது கண்ணெதிரே நிற்கிறதே.

தணிக்கை என்றால் நாம் ஏ.ஜி. ஆபீசை நினைக்கிறோம். அந்தத் தணிக்கையில் வவுச்சரும் ரிஜிஸ்டரும் ஒத்துப்போனால் டிக் அடித்து விடுவார்கள். நானே அடித்திருக்கிறேன். காகிதமும் காகிதமும் பொருந்துவது பெரிய விஷயமில்லை, இரண்டையும் எழுதுவது ஒரே கைதான். காகிதத்தை மனிதர்களோடும் செங்கல்லோடும் பொருத்திப் பார்த்ததுதான் அந்த ஊர்க் கூட்டங்களின் புதுமை. பின்னால் சோஷியல் ஆடிட், சமூகத் தணிக்கை என்று அதற்குப் பெயர் வந்தது. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதைக் கிராம சபையின் கடமையாகவே எழுதிவைத்தது. சில சர்பஞ்சுகள் ஊரார் முன்னிலையில் தவறை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. கோர்ட்டுக்குப் போயிருந்தால் எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1995 ஏப்ரலில் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத், பஞ்சாயத்து வேலைகளின் ஆவண நகல்களை மக்கள் பெறலாம் என்று சட்டசபையில் அறிவித்தார். ஒரு வருஷம் ஆகியும் ஆர்டர் வரவில்லை. 1996 ஏப்ரல் 6-ஆம் தேதி பியாவர் நகரத்தில் தர்ணா உட்கார்ந்தார்கள். நாற்பது நாள். "ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்" என்பது அங்கே எழுந்த கோஷம். எங்கள் பணம், எங்கள் கணக்கு. ஊர்க் கடைக்காரர்களும் காய்கறி விற்கிறவர்களும் சாமான் கொடுத்தார்கள். சங்கர் சிங் பொம்மையாட்டம் காட்டிச் சிரிக்க வைத்தார். அந்த வருஷமே மக்களின் தகவல் உரிமைக்கான தேசியப் பிரச்சாரக் குழுவும் அமைந்தது. அடுத்த வருஷம் ஜெய்ப்பூரில் இன்னும் ஒரு தர்ணா, ஐம்பத்து மூன்று நாள்.

மாநிலச் சட்டம் என்று பார்த்தால் முதலில் இயற்றியது நம் தமிழ்நாடுதான், 1997-இல். இதைச் சொல்லிக் காலரைத் தூக்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தச் சட்டத்தில் கொடுத்ததை விட விலக்கு வைத்தது அதிகம். உத்தரமேரூர்க் கல்வெட்டும் இப்படித்தான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி குடவோலைக்கு நிற்கக்கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே, 919-921 வாக்கில், கல்லில் வெட்டினார்கள் என்று சங்க மலர்களில் தவறாமல் எழுதுகிறோம். விஷயம் உண்மை. ஆனால் நிலமும் வேதப் படிப்பும் உள்ள சிலர் கூடிய சபை அது. குளம் வெட்டிய கூலியாள் அங்கே எழுந்து கணக்குக் கேட்டிருக்க முடியாது.

நம் டெல்லியிலும் 2001-இல் ஒரு சட்டம் வந்தது. அதைப் பயன்படுத்திப் பரிவர்த்தன் என்ற அமைப்பு 2002 டிசம்பரில் சுந்தர் நகரியில் ஒரு விசாரணை நடத்தியது. 68 வேலைகள், மொத்தம் 1.3 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய 70 லட்சத்துக்கான வேலை தரையில் காணவில்லை. ஜமுனாவுக்கு அக்கரையில் குடியிருந்த நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது அப்போது தெரியும்? எனக்குத் தெரியாது, பேப்பரில் படித்திருந்தாலும் புரட்டிப் போயிருப்பேன்.

2005 மே மாதம் மத்தியச் சட்டம் இரு அவைகளிலும் நிறைவேறி, அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் இதுதான். பத்து ரூபாய் கட்டணம், மத்திய அலுவலகமானால் போஸ்டல் ஆர்டராக அனுப்பலாம். 2013 முதல் மத்திய அமைச்சகங்களுக்கு இணையம் வழியாகவும் அனுப்பலாம். முப்பது நாளுக்குள் பதில். ஓர் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். எதற்காகக் கேட்கிறாய் என்று உங்களைக் கேட்கக்கூடாது. ஆபீஸ் மாற்றி அனுப்பிவிட்டால் அவர்களே ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால், அல்லது திருப்தி இல்லாவிட்டால், முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முதல் அப்பீல். அதற்குமேல் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது அப்பீல். காரணமில்லாமல் தாமதம் செய்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம், அவர் சொந்தப் பணத்திலிருந்து. இந்தக் கடைசி வரிதான் எங்கள் செக்‌ஷனில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

வெளிமாநிலத்தில் இருக்கிற நமக்கு இன்னொரு வசதி. ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் எழுதலாம். ஆகவே ஊர்ப் பட்டாவுக்கோ பிறப்புச் சான்றுக்கோ இங்கிருந்தே தமிழில் எழுதித் தபாலில் போடலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள உதவ வேண்டும். பிள்ளைகளுக்கும் பயன் உண்டு. திருத்திய விடைத்தாளை மாணவன் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்புச் சொன்னது.

பலர் தோற்பது கேள்வி கேட்கும் விதத்தில்தான். "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. சட்டம் தருவது காகிதத்தில் உள்ளதை. விளக்கத்தையோ மன்னிப்பையோ அது தராது. கோபத்தை எல்லாம் வடிகட்டிவிட்டுத் தேதி, நகல், பதவி என்று கேட்க வேண்டும். அத்தையின் மனுவை அவள் பெயரிலேயே தமிழில் எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பினேன். மூன்றே கேள்வி. ஒன்று, என் விண்ணப்பம் எந்தத் தேதியில் வந்தது, அதன்மேல் நாள்வாரியாக என்ன நடவடிக்கை? இரண்டு, விதிப்படி எத்தனை நாளில் முடிந்திருக்க வேண்டும்? மூன்று, அது யார் யாரிடம் எத்தனை நாள் இருந்தது, அவர்கள் பெயரும் பதவியும் என்ன? இருபத்து நாலாம் நாள் பதில் வந்தது. அதற்கு நாலு நாள் முன்னாலேயே பென்ஷன் ஆர்டர் வந்துவிட்டது. "போனை விட இது தேவலைடா" என்றாள் அத்தை.

எல்லாம் சுகமாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. 2006-இலேயே கோப்பில் அதிகாரிகள் எழுதும் குறிப்புகளைச் சட்டத்திலிருந்து விலக்க மத்திய மந்திரிசபை முடிவெடுத்தது. அந்தப் பச்சைத் தாள்களில்தான் யார் என்ன யோசனை சொன்னார்கள், யார் மாற்றினார்கள் என்பதெல்லாம் இருக்கும். அது போனால் வெறும் முடிவுதான் மிஞ்சும். எதிர்ப்பு கிளம்பவே கைவிட்டார்கள். 2010 ஜூலையில் அகமதாபாத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே அமித் ஜேத்வா சுட்டுக் கொல்லப்பட்டார். கிர் காட்டைச் சுற்றி நடந்த சட்டவிரோதச் சுரங்கங்களைப் பற்றிக் கேள்வி கேட்டவர் அவர். ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014-இல் இயற்றப்பட்டும், பத்து வருஷம் கடந்தும் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. 2019-இல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசு தீர்மானிக்கும்படி சட்டம் திருத்தப்பட்டு, ஐந்து வருஷப் பதவி மூன்று வருஷமானது. ஆணையர் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் இரண்டாவது அப்பீல் வருஷக்கணக்கில் தூங்கும். அப்போது முப்பது நாள் கெடு என்பதற்கு யார் பயப்படுவார்கள்?

இதைவிட எனக்குக் கவலை தருவது ஓர் உட்பிரிவு. சட்டத்தின் 8(1)(ஜே) ஒருவரின் அந்தரங்கத்தைக் காக்க வந்தது. பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத சொந்தத் தகவலை மறுக்கலாம், ஆனால் பாராளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்று அளவாக இருந்தது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த அளவுகளை எடுத்துவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கும் வந்தது. இப்போது "தனிநபர் தகவல்" என்ற ஒரு சொல்லே மறுப்பதற்குப் போதும். பொதுநலன் பெரிதானால் கொடுக்கலாம் என்கிற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது என்று அரசு சொல்கிறது. இருக்கிறதுதான். ஆனால் அந்தப் பொதுநலனை எடைபோடுவது மேஜைக்கு உள்பக்கம் இருப்பவர். நான் அங்கே இருந்தவன், சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் கை போகும் என்று எனக்குத் தெரியும்.

கோட் கிரானாவில் மைக்கில் படித்தது பெயர்கள். யார் பெயர், எத்தனை நாள், எவ்வளவு கூலி. பெயரை அழித்துவிட்ட மஸ்டர் ரோலைப் படித்திருந்தால் கூட்டத்தில் யார் எழுந்து நின்றிருப்பார்கள்? எங்கள் அத்தையின் மூன்றாவது கேள்வியும் பெயர் கேட்ட கேள்விதான்.