ஒளிக்குத் துணை ஒளி

கோயிலில் பாட்டுப் பயிற்சியின்போது ஆர்மோனியம் இல்லாமல் பாடினால், எங்கே சுருதி விலகினோம் என்பது நமக்கே தெரிவதில்லை. ஆர்மோனியம் ஒலித்ததும் குறை வெளிப்பட்டு விடுகிறது. ஒன்றை அறிய, அதே இனத்தைச் சேர்ந்த மற்றொன்று துணை நிற்க வேண்டும். இந்த எளிய உண்மையே ஒளியிழைச் செய்தித் தொடர்பில் 'ஹோமோடைன்' எனப்படும் முறைக்கு அடிப்படை.

தூய கண்ணாடி இழை வழியே ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று 1966-ல் எடுத்துக் காட்டியவர்கள் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஆவர். ஹாங்காங்கின் புனித சூசையப்பர் கல்லூரியில் பயின்ற காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1988-ல் அட்லாண்டிக் கடலடியில் முதல் ஒளியிழைக் கம்பி செயல்படத் தொடங்கியது. விளக்கை ஏற்றி அணைப்பது போல, ஒளி உண்டு, இல்லை என்ற இரண்டே குறிகளால் அக்காலத்தில் செய்தி சென்றது.

ஆனால் ஒளி ஓர் அலை. அதற்குப் பிரகாசம் மட்டுமன்றி, 'கட்டம்' என்ற பண்பும் உண்டு. குறித்த நேரத்தில் அலை முகட்டில் இருக்கிறதா, அகட்டில் இருக்கிறதா என்பதே கட்டம். அதிலும் செய்தியை ஏற்றலாம். படிப்பதுதான் கடினம்! இழையில் செல்லும் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 193 லட்சம் கோடி முறை அதிர்கிறது. ஒளியை மின்சாரமாக்கும் கருவியால் இந்த வேகத்தைத் தொடர முடியாது. அது பிரகாசத்தை மட்டுமே காணும்.

இங்கேதான் துணை ஒளி வருகிறது. பெறும் இடத்தில் அதே அதிர்வெண் கொண்ட லேசர் ஒளியை, வந்த ஒளியுடன் கலக்கிறார்கள். வந்த ஒளியின் வீச்சு 1, துணை ஒளியின் வீச்சு 100 என்று கொள்வோம். பிரகாசம் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வந்த ஒளி தனியே தருவது 1 மட்டுமே. முகடும் முகடும் சேர்ந்தால் வீச்சு 101, பிரகாசம் 10,201. முகடும் அகடும் சேர்ந்தால் வீச்சு 99, பிரகாசம் 9,801. வேறுபாடு 400! மறைந்திருந்த கட்டமும் தெரிந்தது; மெலிந்த குறியும் வலுப்பெற்றது.

1980-களில் இம்முறை தீவிரமாக ஆராயப்பட்டது. பின்னர் ஒளியையே பெருக்கும் இழைகள் வந்ததால் அது பின்தங்கியது. 2000-க்குப் பின் விரைவான கணிப்பொறிச் சில்லுகள் அதனை மீட்டன. இரு ஒளிகளின் அதிர்வெண்ணில் சிறிது வேறுபாடு இருந்தாலும் இச்சில்லுகள் கணக்கிட்டுச் சரிசெய்து விடுகின்றன.

இதனால் வேறொரு பயனும் உண்டு. கண்ணாடிக்குள் இவ்வொளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே. ஆகவே ஒலியோ நில அதிர்வோ இழையை அணுவளவு நீட்டினாலும் கட்டம் மாறிக் காட்டிக் கொடுக்கும். இழை அசைந்தால் ஒளி அதிரும் திசையும் திரும்பும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரையும் சிலி நாட்டின் வால்பரைசோவையும் இணைக்கும் ஏறத்தாழ 10,000 கி.மீ. நீளக் கடலடிக் கம்பியில், செய்தியைப் பெறும் கருவிகளே இத்திருப்பத்தை அளந்தன. ஒன்பது மாதங்களில் சுமார் 20 நிலநடுக்கங்கள் அதில் புலப்பட்டதாக 2021-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

நமக்கு இது வெறும் விந்தையன்று. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் காலை. சுமத்ராவில் எழுந்த ஆழிப்பேரலை நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. எச்சரிக்கை வந்து சேரவில்லை. வேளாங்கண்ணிக்கு வந்த திருப்பயணிகளும் கரையோர மீனவர்களும் மாண்டனர். கடலடிக் கம்பிகள் முழுமையான எச்சரிக்கை முறையாக வளர இன்னும் ஆராய்ச்சி தேவை. அன்புத் தோழியரே, இயற்பியல் வகுப்பில் முகடும் அகடும் வரையும்போது இதனை நினைவில் கொள்வோம். அந்த ஆராய்ச்சியில் நம்முள் ஒருத்தியும் பங்கு பெறக்கூடும் அல்லவா?

நெடுந்தூரம் வந்து மெலிந்த ஒளியைத் துணை ஒளி விலக்கவில்லை. தன்னோடு சேர்த்து அதன் செய்தியை வெளிக்கொணர்கிறது. மெலிந்தவர்க்கு நாமும் அவ்வாறே துணை நிற்போமாக!