வானத்துத் துணைக்கோளும் வீட்டுக் கூரைத் தட்டும்



கொள்ளைநோயால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில், 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கல்வி அமைச்சின் ‘டிடிக் டிவி’ தொடங்கப்பெற்றது. இணையம் எட்டாத தோட்டத்துப் பிள்ளைகட்குத் தொலைக்காட்சித் திரையே கரும்பலகையாயிற்று. கூரைத் தட்டு சிறிது பிசகிய வீட்டிலோ அன்றையப் பாடமும் போயிற்று. ஆதலின் அத்தட்டை நேர்ப்படுத்தும் முறையை நாம் அறிந்திருத்தல் நலம்.

நம் நாட்டு வீட்டுத் தட்டுகள் நோக்குவது மீசாட் துணைக்கோள்களை. அவை நிலநடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் உள்ளன. பூமி சுழலும் வேகத்திலேயே அவையும் சுற்றி வருவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பனபோல் தோன்றுகின்றன. நம் தட்டும் அசையாதிருக்கலாம் என்பது இதனாலேயே.

தீபகற்ப மலேசியாவிலிருந்து பார்த்தால் துணைக்கோள், தெற்கே ஒதுங்கிய மேற்குத் திசையில், அடிவானிலிருந்து 75 முதல் 78 பாகை உயரத்தில், ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே உள்ளது. கோத்தா கினபாலுவிலோ உயரம் சுமார் 60 பாகைதான். எனவே தொலைவிலுள்ள செம்பனைகள் நமக்குத் தடையல்ல; தட்டின்மேல் கவியும் வீட்டோரத்து மாமரக்கிளையே தடை.

‘அப்படியாயின் தட்டு ஏன் வானத்தை அண்ணாந்து பாராமல் சாய்ந்து நிற்கிறது?’ எனச் சிறுவர் வினவுவர். நல்ல கேள்வி! அலைகளைத் திரட்டும் வாங்கி, தட்டின் நடுவுக்கு நேரே இல்லாமல் கீழ்ப்புறக் கையின் நுனியில் உள்ளது. மேலிருந்து வரும் அலை சாய்ந்த முகத்தில் பட்டுத் தெறித்து அவ்வாங்கியைச் சேர்கிறது. ஆகவே முகத்தின் தோற்றத்தை நம்பலாகாது. தாங்கியில் பொறித்த பாகைக் கோடுகளையே நம்புக.

முதலில் கம்பம் செங்குத்தாக நிற்கிறதா எனத் தூக்குக் குண்டு கட்டிப் பார்த்தல் வேண்டும். கம்பம் சாய்ந்தால் பாகைக் கோடுகள் யாவும் பொய்த்துவிடும். திசைகாட்டியைத் தகரக் கூரையருகே வைத்தால் இரும்பு அதன் முள்ளை இழுத்துவிடும். தள்ளி நின்று பார்க்க.

பின்னர், பெட்டியின் திரையில் சமிக்ஞை அளவுகாட்டியைத் திறந்து, ஒருவர் உள்ளே எண்ணைக் கூற, மற்றவர் தட்டை அசைக்க வேண்டும். 60 சென்டிமீட்டர்த் தட்டுக்கு ஒரு பாகைப் பிழையும் பெரிதே. அவ்வளவு தொலைவில் அஃது அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். துணைக்கோள் தலைக்கு மேல் இருப்பதால் பக்கவாட்டில் ஐந்து பாகை திருப்பினாலும் நோக்கு ஒரு பாகையளவே மாறும். மேல்கீழ்ச் சாய்வோ முழுதும் மாறும். சாய்விலேயே பொறுமை வேண்டும். மயிரிழை அசைத்து, சில விநாடி காத்திருந்து எண்ணைக் கேட்க வேண்டும். வலிமை மிகுந்தும் தரம் குறைந்திருந்தால் தட்டு வேறு துணைக்கோளைப் பிடித்திருக்கக்கூடும்; தரத்தின் எண்ணையே கவனிக்க. இறுதியில் வாங்கியைச் சிறிது திருப்பியும் தரம் ஏறுகிறதா எனப் பார்க்கலாம்.

பெருமழையில் படம் மறைவது தட்டின் குற்றமன்று. நீர்த்துளிகள் அலையை விழுங்குகின்றன. மழை விட்டதும் தானே திரும்பும். அப்போது முடுக்கியைத் தூக்கிக்கொண்டு ஏறுவோர், நன்றாயிருந்ததையும் கெடுத்துவிடுகின்றனர்! வானம் தெளிந்த பின்னும் படம் வாராவிடில் தட்டு அசைந்ததா, கம்பிவட முனையில் நீர் புகுந்ததா எனப் பெரியவர் ஆராய்க. இடி முழங்குகையில் எவரும் கூரையை அணுகலாகாது. சிறுவர் எந்நாளும் ஏறலாகாது.

அளவு உச்சத்தை எட்டியதும் மரையாணிகளை மாறி மாறிச் சிறுகச் சிறுக முடுக்குக. ஒன்றையே முழுதும் முடுக்கினால் தட்டு நகர்ந்துவிடும். பின்பு கம்பத்திலும் தாங்கியிலும் சேர்த்து ஒரு சாயக் கோடு இட்டு வைத்தால், அடுத்த புயலுக்குப் பின் தட்டு திரும்பியதா என்பதைக் கீழே நின்றே கண்டுகொள்ளலாம்.