குடிலில் முதலில் இருந்தது தொட்டி மட்டும்தான்

டிசம்பர் பிறந்ததும் பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி இறங்கும். பழைய செய்தித்தாளைப் பிரித்தால் மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஒரு மாடு, காது உடைந்த கழுதை, வருஷத்துக்கு ஒன்றாகக் குறையும் ஆடுகள். சாயம் பூசிய தாளைக் கசக்கி மலை எழுப்புவார்கள். சில வீடுகளில் தட்டில் தூவிய கேழ்வரகு அதற்குள் முளைத்துப் புல்வெளி ஆகியிருக்கும். இதுதான் பெத்லகேம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். பைபிளைத் திறந்து இந்தக் காட்சியைத் தேடினால் பாதிப் பேரைக் காணோம்.

இயேசுவின் பிறப்பைச் சொல்பவை நான்கு நற்செய்திகளில் இரண்டுதான். லூக்காவில் மேய்ப்பர்கள் வருகிறார்கள், ஞானிகள் இல்லை. மத்தேயுவில் ஞானிகள் வருகிறார்கள், மேய்ப்பர்கள் இல்லை. அந்த ஞானிகளும் ராஜாக்கள் அல்ல. எத்தனை பேர் என்றும் மத்தேயு எழுதவில்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால் கொண்டுவந்தவர்களும் மூவராகிவிட்டார்கள். அவர்கள் வந்து நுழைந்தது ஒரு வீட்டுக்குள். மாடும் கழுதையும் இரண்டிலும் கிடையாது. மாட்டுக் கொட்டகை என்ற சொல்லே இல்லை. நாடகங்களில் கதவைச் சாத்தி விரட்டும் சத்திரக்காரரும் லூக்காவில் தலைகாட்டவில்லை. பாவம், எழுதப்படாத ஒரு மனிதர் இத்தனை நூற்றாண்டுகளாகத் திட்டு வாங்குகிறார்.

அந்தச் சத்திரமே சந்தேகத்துக்குரியது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘சத்திரம்’ என்றும் பொது மொழிபெயர்ப்பில் ‘விடுதி’ என்றும் இருக்கும் இடத்தில், கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘கத்தலூமா’. இதே சொல்லை லூக்கா இன்னோர் இடத்தில், இயேசு கடைசி இராவுணவு உண்ட அறைக்குப் பயன்படுத்துகிறார். அதாவது, வீட்டில் விருந்தாளிக்கென்று ஒதுக்கும் அறை. காசு கொடுத்துத் தங்கும் இடத்தைச் சொல்ல வேண்டியபோது, நல்ல சமாரியர் கதையில், அவர் எடுப்பது வேறு சொல். அந்நாளைய பாலஸ்தீனச் சிற்றூர்களில் பல வீடுகளில் மனிதர்களும் கால்நடைகளும் ஒரே கூரையின் கீழ்தான் ராத்திரியைக் கழித்தார்கள். விருந்தாளி அறை நிறைந்திருந்தால், பிரசவித்தவளுக்கு மாடு கட்டும் பக்கம் இடம் ஒதுக்கியிருப்பார்கள் என்று அறிஞர்கள் பலர் இப்போது வாசிக்கிறார்கள். தொழுவமும் திண்ணையும் ஒட்டிக் கிடந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது.

லூக்கா விடாமல் பிடித்துக்கொள்ளும் பொருள் ஒன்றே ஒன்று: பிள்ளையைக் கிடத்திய முன்னணை, மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி. ஒரே அதிகாரத்தில் மூன்று முறை அதைக் குறிப்பிடுகிறார். மேய்ப்பர்களுக்குத் தூதர் சொல்லும் அடையாளம்கூட நட்சத்திரம் அல்ல, அந்தத் தொட்டிதான். பெத்லகேம் என்ற எபிரெயப் பெயருக்கு ‘அப்பத்தின் வீடு’ என்று பொருள் சொல்வார்கள். அந்த ஊரில், தீவனம் வைக்கும் இடத்தில், பின்னாளில் தன்னையே உணவாகக் கொடுப்பவர் படுத்திருக்கிறார். ஆதித் திருச்சபையின் ஆசிரியர்கள் இந்தப் பொருத்தத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

மாடும் கழுதையும் வந்து சேர்ந்ததும் தொட்டியின் வழியாகத்தான். மாடு தன் உடையவனை அறியும், கழுதை தன் எஜமானின் தொட்டியை அறியும், என் மக்களுக்கோ அறிவில்லை என்று ஏசாயா புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு குறை வருகிறது. அதைக் கிறிஸ்து பிறப்போடு சேர்த்து வாசித்தார்கள். மிலான் நகரின் புனித அம்புரோஸ் கோயிலில் 4ஆம் நூற்றாண்டுக் கல் சவப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் முகட்டில் குழந்தை, ஒரு மாடு, ஒரு கழுதை. மாதாவும் சூசையப்பரும் இல்லை. குடிலுக்குள் பெற்றோரை முந்திக்கொண்டு மாடு நுழைந்துவிட்டது.

சிற்பமாக இருந்ததை ஆள் நடமாடும் காட்சியாக்கியவர் அசிசி நகர் பிரான்சிஸ். 1223ஆம் ஆண்டு, இத்தாலியின் கிரெச்சோ என்ற மலையூர். கிறிஸ்துமஸுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு அவ்வூரைச் சேர்ந்த ஜொவானி என்ற நண்பரிடம் சொல்லியனுப்பினார். குழந்தை பட்ட சிரமத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். தொட்டியும் வைக்கோலும் ஒரு மாடும் கழுதையும் ஏற்பாடு செய் என்றார். அவ்வளவுதான் பட்டியல். பொம்மை இல்லை, மாதா வேடம் இல்லை, ராஜாக்கள் இல்லை. ஊர் ஜனம் தீப்பந்தமும் மெழுகுவர்த்தியுமாக மலையேறி வந்தது. தொட்டியின் மேல் பீடம் அமைத்துப் பூசை வைத்தார்கள். பிரான்சிஸ் குருவானவர் அல்ல, தியாக்கோன். ஆகவே நற்செய்தியைப் பாடிப் பிரசங்கம் செய்ததோடு சரி. பீடத்தில் அப்பம், அதன் அடியில் தீவனத் தொட்டி. அவர் காட்ட நினைத்ததை ஊரே பார்த்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமின் பெரிய மாதா கோயிலுக்கு அர்னோல்ஃபோ தி காம்பியோ கல்லில் சுரூபங்கள் செதுக்கினார். 18ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் கறிக்கடைக்காரரும் மீன்காரியும் குடிலுக்குள் வந்துவிட்டார்கள். அங்கே சான் கிரகோரியோ அர்மேனோ தெருவில் இன்று மரடோனா பொம்மைகூடக் கிடைக்கும். சிரிப்பு வந்தாலும் எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. பெத்லகேமின் பிறப்புக் கோயிலுக்குக் கீழே வணங்கப்படுவது ஒரு குகை. இத்தாலியர்கள் மரக் கொட்டகை போட்டார்கள். நாம் ஓலை வேய்ந்து ‘குடில்’ என்று பெயர் வைத்தோம். இலங்கையில் அது ‘பாலன் குடில்’. ஏழை எங்கே குடியிருப்பான் என்று ஒவ்வொரு ஊரும் தனக்குத் தெரிந்ததைக் கட்டியிருக்கிறது.

கிரெச்சோவின் வெறும் தொட்டி இன்றும் போய்விடவில்லை. டிசம்பர் 24 இரவு வரை நம் குடில்களில் மாதாவும் சூசையப்பரும் ஒன்றுமில்லாத வைக்கோலைப் பார்த்தபடி நிற்பார்கள். நடுச்சாமப் பூசை முடிந்து வந்த பிறகே பெட்டியின் அடியிலிருந்து பாலன் சுரூபம் வெளியே வரும். யார் வைப்பது என்று பிள்ளைகளுக்குள் சண்டையும் வரும்.

பிரான்சிஸின் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமாஸ், கிரெச்சோ இரவைச் சொல்லி முடிக்கும்போது அந்த வைக்கோல் என்ன ஆயிற்று என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். பத்திரமாக எடுத்துவைத்து, சுற்றுவட்டாரத்தில் நோய்ப்பட்ட கால்நடைகளுக்குத் தின்னக் கொடுத்தார்களாம்.