முந்தானைக்கு ஓய்வு

கீழ்வானம் வெளுப்பதற்கு முன்பே போடிநாயக்கனூரின் தெருமுனைகளில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. ஒரு கையில் தூக்குவாளியும் மறு கக்கத்தில் சுருட்டிய சாக்குமாக, ஒருவரையொருவர் உறவு சொல்லி அழைத்துக்கொண்டு வந்து சேரும் பெண்களை ஏற்றிக்கொண்டு, அவை முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறி, போடிமெட்டுக் கணவாயைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகின்றன. தூக்குவாளியில் இருப்பது மத்தியானச் சோறு என்பது யாருக்கும் தெரியும். அந்தச் சாக்கு எதற்கு என்பதைத்தான், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், நான் வெகு காலம் வரை கேட்டு அறிந்துகொள்ளவில்லை.

ஏலச் செடி ஆள் உயரத்துக்கும் மேலே ஓங்கி நின்றாலும் அதன் காய் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பி மண்ணையொட்டிப் படர்ந்து கிடக்கும் சரங்களில்தான் காய்க்கிறது. ஆகையால் காய் எடுப்பவள் ஒவ்வொரு தூரின் அருகிலும் குனிந்தும் குந்தியும் சமயங்களில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்தும், மஞ்சள் பாய்வதற்கு முந்திய பக்குவத்தில் இருக்கும் காய்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொய்ய வேண்டியிருக்கிறது. ஆவணி தொடங்கித் தை மாசி வரை, இடைவெளி விட்டுவிட்டுப் பல எடுப்புகளாக நடக்கும் இந்த வேலையில், 100 கிலோ பச்சைக்காய் கொய்தால்தான் உலர்ந்தபின் ஏறத்தாழ 20 கிலோ ஏலக்காய் தேறும். நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கும் ஒரு சிட்டிகை ஏலப்பொடிக்குப் பின்னால், அட்டை ஊரும் சேற்றில் நாள் முழுவதும் நனைந்த ஓர் இடுப்பும், அந்த இடுப்பைச் சுற்றிக் கட்டிய ஒரு சாக்கும் இருக்கின்றன.

மலைக்குப் போய் வரும் என் அத்தையிடம் ஒரு நாள் இதைப் பற்றிக் கேட்டேன். "சேலை நம்மளுது தாயி, சாக்கு வேலையோடது. வேலையோட அழுக்கு வேலையோடயே இருந்துட்டுப் போகுது, அதை எதுக்கு வீடு வரைக்கும் தூக்கியாரணும்?" என்றாள்.

மேனாட்டார் 'ஏப்ரன்' என்று பெயரிட்டு அழைக்கும் மேலங்கியின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு விடையில் அடங்கிக் கிடக்கக் கண்டேன். அது நமக்கு அந்நியமான வஸ்து என்றும், தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டுவோருக்கும் பெரிய ஓட்டல்களின் சமையற்காரர்களுக்குமே உரிய அலங்காரம் என்றும் நம்மில் பலர் கொண்டிருக்கும் அபிப்பிராயம் எவ்வளவு பிழையானது என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் முரட்டுத் துணிக்குப் 'படங்கு' என்று பெயர். மழைக்குச் சாக்கின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் செருகித் தலையிலிருந்து முதுகு மறையப் போட்டுக்கொண்டால் அது 'கொங்காணி'. கரிசல் காட்டில் பருத்தி எடுப்பவர்கள் துணியை இடுப்பில் ஏந்திக் கட்டிப் பையாக்கிக்கொள்வதோ 'மடி கட்டுதல்'. காட்டிலும் மலையிலும் வேலைக்கென்று ஒரு துணியை ஒதுக்கி வைக்கத் தெரிந்த நாம், வீட்டுச் சமையலறைக்கு மட்டும் அப்படி ஒன்றை ஒதுக்காமல் போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: அங்கே முந்தானை இருந்தது.

முந்தானையின் பாரம்

பொழுது விடிந்து அடுப்பு மூட்டியது முதல் இரவில் அடுப்படி மெழுகி முடிக்கும் வரை ஒரு முந்தானை செய்யும் ஊழியத்தை எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கொதிக்கும் குழம்புச் சட்டியை இறக்கப் பிடிதுணியாகவும், ஈரக் கையைத் துடைக்கும் துண்டாகவும், குழந்தையின் மூக்கையும் வாயையும் துடைக்கும் கைக்குட்டையாகவும், கொல்லையில் பறித்த கறிவேப்பிலையையும் முருங்கைக்கீரையையும் ஏந்தி வரும் கூடையாகவும், சில்லறை முடிந்து வைக்கும் பணப்பையாகவும், புகையில் கலங்கிய கண்ணுக்கும் துக்கத்தில் கலங்கிய கண்ணுக்கும் ஒன்றுபோல் ஆறுதலாகவும் இருந்து, அவ்வளவுக்கும் பிறகு வாசலில் விருந்தினர் குரல் கேட்ட மாத்திரத்தில், அத்தனை கறையையும் உள்பக்கம் மறைத்துக்கொண்டு, தோளில் கௌரவமாக விரிந்து நிற்க வேண்டிய பொறுப்பும் அதற்கே இருந்து வந்தது.

இதில் கறை ஒரு சிறு கஷ்டம். நெருப்பு பெரிய அபாயம். அடுப்பின் மேல் குனியும்போது தோளிலிருந்து நழுவி விழும் ஒரு முழத் துணி எத்தனை குடும்பங்களில் தீராத துயரத்தை விளைத்திருக்கிறது என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். அதிலும் பருத்தித் துணி தீப்பற்றினால் சாம்பலாகி உதிரும். நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, அதன்மேல் கெட்டியான பருத்தித் துணி ஒன்றை மார்பிலிருந்து முழங்கால் வரை கட்டிக்கொண்டால், நழுவுவதற்கு அங்கே எதுவும் இல்லாமல் போகிறது. வேறு எந்தப் பிரயோஜனமும் இல்லாவிட்டால்கூட, இந்த ஒன்றுக்காகவே வீட்டுக்கு ஒரு மேலங்கி இருக்க வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

சாக்கிலிருந்து பிறந்தது

'ஏப்ரன்' என்ற சொல்லுக்கே ஒரு சுவையான சரித்திரம் உண்டு. மேசை விரிப்பைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் உருவம் 'நேப்ரன்' என்பதே. பேச்சு வழக்கில் முதலெழுத்து அதற்கு முன்னால் நிற்கும் சிறு சொல்லோடு போய் ஒட்டிக்கொள்ள, எஞ்சியது 'ஏப்ரன்' ஆயிற்று. சொல்லுக்கு மட்டுமல்ல, துணிக்கும் ஒரு கதை உண்டு. 1930களில் அமெரிக்காவில் பொருளாதார மந்தம் குடும்பங்களை வாட்டியபோது, அந்நாட்டுக் கிராமத்து ஸ்திரீகள் கோதுமை மாவும் கோழித் தீவனமும் வந்த பருத்திச் சாக்குகளைப் பிரித்து, வெளுத்து, மேலங்கிகளும் குழந்தைச் சட்டைகளும் தைத்துக்கொண்டார்கள். இதை அறிந்த வியாபாரிகள் சாக்குகளிலேயே பூவும் கோடும் அச்சிட்டு, தம் முத்திரையை மட்டும் துவைத்தால் போய்விடும் மையில் பதித்து விற்றார்கள். எந்தப் பூப்போட்ட சாக்கில் மாவு வாங்குவது என்று பெண்கள் தேர்ந்தெடுத்த காலம் அது.

இதைப் படித்தபோது என் அம்மாச்சிதான் ஞாபகத்துக்கு வந்தாள். மைதா மாவு வந்த வெள்ளைத் துணிப் பைகளைப் பிரித்து, சோடா உப்புப் போட்டு வேகவைத்து, வெயிலில் விரித்து, எழுத்து மங்கியபின் தலையணைக்கு உள்ளுறை தைப்பது அவளுக்கு வழக்கம். கடல் கடந்த தேசத்துப் பெண்களும் என் அம்மாச்சியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். மலையிலோ அரிசி மூட்டையாக மேலே ஏறிய சணல் சாக்கே பின்னர் பெண்களின் இடுப்பைக் காத்து வந்தது. இப்போது சணல் அருகிப்போய், உரம் வந்த பிளாஸ்டிக் சாக்கு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. அது ஈரத்தைத் தடுக்கிறது என்பது மெய். ஆனால் உள்ளே ஊறும் வியர்வையையும் வெளியே போகவிடாமல் தடுத்துவிடுகிறது.

துணி தேடும் இடம்

மேலங்கிக்குத் துணி தேடிக் கடைவீதிக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். ஆண்டிபட்டிப் பக்கத்தில் சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் நெய்த பருத்திச் சேலைகள் தேனி ஜில்லாவின் அநேகம் வீடுகளில், உடுத்த மனமில்லாமலும் கழிக்க மனமில்லாமலும் மடித்தபடியே இருக்கின்றன. அப்படி ஒரு சேலையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தால் அது தன் ஆயுளைத் தானே சொல்லிவிடும். கொசுவம் தரையில் உரசிய கீழோரம் சல்லடையாகத் தெரியும். இடுப்பில் செருகிய மேலோரம் நைந்திருக்கும். ஆனால் முதல் சுற்றாக உள்ளே போய்விடும் உள்முனையோ, வெயிலும் வேலையும் படாமல், வாங்கிய நாளின் நிறத்தோடு கெட்டியாக இருக்கும். இரண்டு கட்டை விரல்களுக்கும் நடுவே துணியை வைத்து இழுத்துப் பார்த்து, இழை விலகாத பாகங்களை மட்டும் எடுத்து, இரட்டை மடிப்பாக வைத்துத் தைத்தால், ஐந்தரை மீட்டர்ச் சேலை ஒன்றில் இரண்டு மேலங்கிகள் வரும்.

புதுத் துணிதான் வேண்டுமென்பவர்களுக்குப் போடியில் ஒரு விசேஷ வசதி உண்டு. இலவம் பஞ்சுக்குப் பேர்போன ஊர் இது. இலவ நார் குட்டையும் வழவழப்புமாக இருப்பதால் நூலாக நூற்க வராது. மெத்தைக்கும் தலையணைக்கும்தான் ஏற்றது. அதுவும், நெசவு சற்றுத் தளர்ந்திருந்தாலும் துணியைத் துளைத்து வெளியே கசிந்துவிடும் சுபாவம் அதற்கு. ஆகவே மெத்தை தைப்போர் மிக நெருக்கமாக நெய்த, கோடு போட்ட கெட்டிப் பருத்தித் துணியையே உபயோகிக்கிறார்கள். பஞ்சையே வெளியே விடாத நெசவு, தெறிக்கும் எண்ணெயையும் சிந்தும் குழம்பையும் சுலபமாக உள்ளே விட்டுவிடாது. மெத்தைத் தையலில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தால், இடுப்புப் பட்டிக்கும் பைக்கும் அதைவிடச் சிறந்த துணி வேறு வேண்டியதில்லை.

தைக்கும் முறை

துணி எதுவானாலும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்த பிறகுதான் கத்தரியை எடுக்க வேண்டும். இல்லையேல் முதல் சலவையிலேயே சுருங்கிக் கோணிக்கொள்ளும். சேலைக்கு மேல் கட்டுவதற்கென்றால் கீழ்ப்பாகம் 36 அங்குல அகலமும் 27 அங்குல நீளமும் இருக்கட்டும். கொசுவத்தின் புடைப்பைச் சுற்றி வர அந்த அகலம் அவசியம். சுடிதாருக்கு மேலென்றால் 30 அங்குல அகலமே தாராளம். மார்புத் துணி பத்துக்குப் பத்து அங்குலம். இடுப்புப் பட்டி 22 அங்குலம். அதன் இரு முனையிலும் முதுகில் முடிந்துகொள்ள நாடாக்கள்.

36 அங்குலத்தை 22 அங்குலத்துக்குள் அடக்குவதுதான் பழைய மேலங்கிகளின் அழகு. தையல் மெஷினில் தையல் நீளத்தைப் பெரிதாக வைத்து, மேலோரத்தில் கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டிவிட்டு, அடிநூல்கள் இரண்டையும் சேர்த்து மெதுவாக இழுத்தால், துணி தானாகச் சுருக்கு விழுந்து விரலடியில் குறுகி வரும். சுருக்குகளை நடுவில் அதிகமும் ஓரங்களில் குறைவுமாக நகர்த்திச் சமன் செய்து, பட்டியின் இரு மடிப்புக்கும் நடுவே செருகி அடித்துவிட வேண்டியதுதான்.

கடையில் விற்கும் மேலங்கிகள் பெரும்பாலும் கழுத்தில் மாட்டும் ஒற்றை நாடாவோடு வருகின்றன. ஒரு மணி நேரம் கட்டினாலே பிடரி வலிக்கிறது. பழைய முறை வேறு. மார்புத் துணியின் இரு மூலைகளிலிருந்தும் இரண்டு அங்குல அகலமுள்ள பட்டிகள் புறப்பட்டு, தோள்களின் மேலேறி, முதுகில் குறுக்காக மாறி, எதிர்ப்பக்கத்து இடுப்பில் சேரும். பாரம் கழுத்தை விட்டுத் தோளுக்குப் போய்விடும். அந்தப் பட்டியின் நீளத்துக்குச் சூத்திரம் கிடையாது; கட்டப்போகிறவரை நிற்க வைத்து நாடா பிடித்து அளப்பதே உத்தமம்.

கடைசியாகப் பை. எட்டுக்கு எட்டு அங்குலத்தில் ஒன்றை வலப்புறம் வைத்து, வாயின் இரு மூலைகளிலும் சிறு முக்கோணமாகத் தையல் ஓட்டிவிட்டால் எத்தனை முறை கை நுழைந்தாலும் கிழியாது. இடப்புறத்தில் ஒரு பித்தானும், அதில் மாட்டிக் கழற்றும்படி காதுவைத்த தடித்த பிடிதுணி ஒன்றும் இருந்தால், சட்டி இறக்க முந்தானையைத் தேட வேண்டியதில்லை. அடுப்பருகே கட்டும் துணியில் தொங்கும் ஜாலரும் நீளமான நாடா முனையும் கூடவே கூடாது. இது பெண்டிருக்கு மட்டும் உரியது என்று எண்ணுவதும் சரியல்ல. கலியாணச் சமையற்காரர்கள் இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டாமல் அண்டாவின் அருகே போகிறார்களா? வீட்டில் தோசை வார்க்கும் ஆண்மக்களுக்கும் சுருக்கில்லாமல் நேராக ஒன்றைத் தைத்துக் கொடுக்கலாம்.

இரண்டு ஆணிகள்

அம்மாச்சியின் சேலை ஒன்றில் நான் இரண்டு மேலங்கிகள் தைத்தேன். அவளுடைய முந்தானையின் பூக்கரை மார்புக்கு நேரே வரும்படி ஒன்றை வெட்டி, அதை அத்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலை நகத்தால் கீறிப் பார்த்தாள். பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"மலைக்கு இது ஆகாது தாயி, அங்க இருக்கிற ஈரத்துக்குச் சாக்குத்தான் சரி. வீட்டுக்கு வச்சுக்கிறேன். பையை மட்டும் இன்னும் ரெண்டு விரக்கடை ஆழமா வச்சுக் குடு, கண்ணாடிக் கூடு நிக்க மாட்டேங்குது" என்றாள். பிரித்து ஆழமாக்கிக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, மலைக்குப் போகாத நாளில், அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படிக் கதவோரம் முன்பு ஓர் ஆணிதான் இருக்கும். அதில் சாக்குத் தொங்கும். இப்போது அதன் பக்கத்தில் புதிதாக இன்னோர் ஆணி அடித்திருந்தது; அது காலியாக இருந்தது. உள்ளே அத்தை, மார்பில் அம்மாச்சியின் பூக்கரையும் முதுகில் குறுக்குப் பட்டியுமாக நின்று, பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகிய அவள் முந்தானை உலர்ந்து, கறையில்லாமல், வெறுமனே இருந்தது.