பென்னின்னா காசு இல்லை ஸார்!

மேலூர் பக்கம் விவசாயி எவரிடமாவது 'பென்னிகுயிக் யாருங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'பெரியாறு அணை கட்டின துரை' என்று பட்டென்று பதில் வரும். 'அந்தப் பேருக்கு என்னங்க அர்த்தம்?' என்று கேட்டால்தான் முழிப்பார்.

ஆபீஸ் நண்பர்கள் முழிக்க மாட்டார்கள். "பென்னின்னா காசு, குயிக்னா சீக்கிரம். சீட்டுக் கம்பெனிக்கு வைக்க வேண்டிய பேருய்யா!" என்பார்கள்.

அதுதான் இல்லை!

ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் பத்து மைலில் ஒரு சின்ன ஊர். எழுத்து கொஞ்சம் மாறினாலும் பேர் இதேதான். உள்ளூர்க்காரர்கள் 'பெனிகுக்' என்கிறார்கள். இங்கிலீஷ் வருவதற்கு முன்னால் அந்தப் பக்கம் பேசியது, இன்றைய வேல்ஸ் மொழிக்குச் சொந்தக்கார மொழி ஒன்று. அதில் 'பென்' என்றால் தலை, மலையுச்சி. 'கோக்' என்றால் குக்கூ பறவை, நம்ம குயிலுக்குப் பங்காளி. ஆக, குயில் குன்று! (குயிக்கும் குயிலும் ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல்தான். உடனே தமிழ்தான் மூலம் என்று கிளம்பிவிடாதீர்கள்.)

அந்த மொழி அங்கே அழிந்து எண்ணூறு வருஷத்துக்கு மேலாகிறது. பேர் மட்டும் பிழைத்துக்கொண்டது.

வெள்ளைக்காரர்களின் குடும்பப் பேர் பலதும் இப்படித்தான். ஊரில் நாலு ஜான் இருந்தால் யாரென்று கூப்பிடுவது? கொல்லர் வேலை பார்த்தவர் ஸ்மித். ஜானின் மகன் ஜான்சன். இன்ன ஊர்க்காரர் என்றால் ஊர்ப்பேர். நாமும் ஊர்ப்பேரை இனிஷியலாக முன்னால் போடுகிறோம். அவர்கள் பின்னால் ஒட்டி, பிள்ளை பேரன் வரைக்கும் எழுதி வைத்துவிட்டார்கள்.

நம்ம பென்னிகுயிக் 1841 ஜனவரி 15-ல் பூனாவில் பிறந்தவர். அப்பா பேரும் ஜான் பென்னிகுயிக்தான். பட்டாள அதிகாரி. 1849-ல் சிலியன்வாலா சண்டையில் மாண்டார். மகன் இன்ஜினீயராகி, 1887-ல் தொடங்கிய பெரியாறு அணையை 1895-ல் முடித்தார். மேற்கே ஓடிய தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது.

அதோடு பேரும் திரும்பியது! அங்கே அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரவேண்டிய குடும்பப் பேரை, தேனி, கம்பம் பக்கம் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றாலும் பெற்ற பிள்ளைகளுக்கே சூட்டினார்கள். நம்ம ஊர்ப் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இனிஷியலோடு ஒரு பென்னிகுயிக்!

மேலூருக்கு இது வெறும் பேர் விஷயம் இல்லை. பேரணையில் பிரியும் பெரியாறு கால்வாயை நம்பி இந்தப் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோக நிலம் இருக்கிறது. பேர்தான் மேலூர், தண்ணீர் வரிசையில் கடைசிப் பக்கம்! அணையில் இருப்பு போதவில்லை என்றால் நாற்று விட வழியில்லை. வீட்டுப் பையன் வேலை தேடி திருப்பூருக்கு பஸ் ஏறவேண்டியதுதான்.

இனி யாராவது 'பென்னின்னா காசு' என்றால், 'இல்லப்பா, மலை' என்று சொல்லுங்கள். அந்த மலையிலே குயில் கூவினால் போதும். இங்கே கால்வாயில் தண்ணி வரணும்!