தீயணைப்புப் படையும் தலைமையும்

முன்னாளில் இலண்டன் மாநகரின் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பல, தத்தமக்கெனத் தீயணைப்புப் படைகளை வைத்திருந்தன. எரியும் தீ ஒன்று, ஏவுவோர் பலர். இக்குறை தீர, 1833-இல் பத்துக் கம்பெனிகள் தம் படைகளை ஒன்றாக்கி, எடின்பரோ நகரில் அத்தொழிலிற் சிறந்து விளங்கிய ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பாரைத் தலைவராக்கின.

1861-இல் டூலி வீதிப் பெருந்தீயிற் சுவர் இடிந்து வீழ, அவர் மாண்டார். காப்டன் ஷா அவ்விடத்தை ஏற்றார். பெருநஷ்டமுற்ற கம்பெனிகளோ, இப்பாரம் இனி எம்மாலாகாதென அரசாங்கத்தாரிடம் முறையிட்டன. 1865-ஆம் ஆண்டுச் சட்டம், மறு ஆண்டு முதல் படையை மாநகர் வேலைச் சபையின்கீழ் வைத்தது. தலைவர் ஷாவே, ஆயினும், அவர் விடைகூற வேண்டியது முதலாளிகளுக்கன்று, நகரின் பொதுச்சபைக்கே. உடைமையோடு உயிரையும் காத்தல் சட்டக் கடமையாயிற்று.

தலைவர் ஒருவராதல் வேண்டும். அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதும் தெளிவாதல் வேண்டும். இவ்விரண்டும் அமைந்த படையே நகரைக் காக்கும்.